வேலூரிலிருந்து கயாங்கன் ஏரிக்கு: ஒரே ஒரு காலைப் பொழுதுக்கான முழுமையான வழிகாட்டி

மணிலாவுக்குப் போகிறேன் என்று சொன்னதும் ஆரணியில் இருக்கும் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மூட்டை வாங்கப் போகிறாய்?" என்பதுதான். வட ஆற்காட்டுக்காரர்களுக்கு மணிலா என்றால் வேர்க்கடலை. மணிலாக்கொட்டை தேய்ந்துதான் மல்லாட்டை ஆனது. பிலிப்பைன்ஸின் தலைநகரை நம் கொல்லையில் விதைத்துப் பிடுங்கி வேகவைத்துத் தின்றுகொண்டிருக்கிறோம். அந்த ஊர்ப் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள்தான் குறைவு. இந்த வழிகாட்டி அந்த மணிலாவையும் தாண்டிப் போகிறது. பலவான் மாகாணத்தின் வடக்கே, கோரோன் தீவின் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் கயாங்கன் என்ற நீல ஏரிக்கு, வேலூரிலிருந்து கிளம்பிப் போய்வர என்னென்ன செய்ய வேண்டும் என்பதே செய்தி.

கிளம்பும் முன் ஒரு தவறான எண்ணத்தை உடைத்துவிடுகிறேன். கயாங்கன் ஏரி என்று இணையத்தில் தேடினால் முதலில் வரும் படத்தைப் பார்த்திருப்பீர்கள்: இருபுறமும் கரும்பாறைக் குன்றுகள், நடுவே பச்சையும் நீலமும் கலந்த நீர், அதில் பொம்மைகள்போல் நிற்கும் படகுகள். அது ஏரியே அல்ல. ஏரிக்குப் போகிறவர்கள் படகைக் கட்டிவைக்கும் கடற்கழி அது. படம் எடுத்தவரின் முதுகுக்குப் பின்னால், மேட்டின் மறுபுறத்தில் இருக்கிறது ஏரி. இது தெரியாமல் வருகிறவர்கள் மேட்டில் நின்று அரை மணி நேரம் படம் எடுத்துக் களைத்துப்போய், ஏரியில் பத்து நிமிடம் கால் நனைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். கடல் கடந்து வந்த காசு அங்கேதான் வீணாகிறது.

ஏரி தன் முழு அழகோடு இருப்பது காலையில், முதல் படகுக் கூட்டம் வருவதற்கு முன்பு. காற்று எழாத அந்த நேரத்தில் நீர் அசையாமல் கிடக்கும். ஒன்பது மணிக்கு மேல் சுற்றுலாப் படகுகள் வரிசையாக வரத் தொடங்கிவிடும். பிறகு ஆரஞ்சு நிற மிதவை ஆடைகளுக்கு இடையில்தான் தண்ணீரைத் தேட வேண்டும். ஆகவே, திட்டத்தைக் கடைசியிலிருந்து போடுங்கள். ஒரு நாள் காலை எட்டு மணிக்கு நீங்கள் அந்தத் தண்ணீரில் இருக்க வேண்டும். விமானம், அறை, படகு, நீச்சல் எல்லாமே அந்த எட்டு மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டியவை.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

டிசம்பர் முதல் மே வரை அங்கே மழை குறைவு. ஜூன் முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று வீசும். அதை அங்கே ஹபகாட் என்கிறார்கள். புயல்களும் ஆண்டின் பிற்பாதியில்தான் அதிகம். 2013 நவம்பர் 8 அன்று பிலிப்பைன்ஸைச் சூறையாடிய ஹையான் புயல் இந்தப் புசுவாங்கா, கோரோன் பகுதியையும் தாக்கிவிட்டுத்தான் மேற்கே போனது. மழை பெய்தால் நனைந்துகொண்டே போகலாம் என்று நினைக்காதீர்கள். கடலோரக் காவல் படை கொடி காட்டிவிட்டால் ஒரு படகும் கரையைவிட்டு நகராது.

என் கணக்கில் பிப்ரவரியும் மார்ச்சும் சிறந்தவை. மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வரும் உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது கத்தோலிக்க நாடு. அந்த வாரம் மணிலாவே காலியாகித் தீவுகளுக்கு வந்துவிடும். பள்ளி விடுமுறையைப் பார்த்து மே மாதம் போகலாமா என்றால், போகலாம். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் இருந்தவர்களுக்கு அந்த ஊர் வெயில் ஒரு வெயிலே அல்ல. ஆனால் புழுக்கம் அதிகம்; நம் காய்ந்த வெயிலைப்போல் வியர்வை உடனே உலராது.

படி 2: பாஸ்போர்ட்டும் நுழைவு அனுமதியும்

பாஸ்போர்ட்டுக்குச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. வேலூரிலேயே அஞ்சலக பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும்.

விசா விஷயத்தில் நல்ல செய்தி. 2025 ஜூன் 8 முதல் இந்தியச் சுற்றுலாப் பயணிகள் 14 நாள்வரை விசா இல்லாமல் பிலிப்பைன்ஸுக்குள் நுழையலாம். இந்த 14 நாளை நீட்டிக்க முடியாது. திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, கையில் செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம் ஆகியவற்றைக் காட்டச் சொல்வார்கள். மூன்றையும் அச்சிட்டு ஓர் உறையில் போட்டு வைத்திருங்கள். கைபேசியில்தான் இருக்கிறது என்று சொல்லிச் சார்ஜ் இல்லாத திரையைத் தட்டிக்கொண்டிருந்த ஒருவரைச் சென்னை விமான நிலையக் கவுன்டரிலேயே பார்த்தேன். இது போன்ற விதிகள் மாறக்கூடியவை என்பதால், டிக்கெட் போடும் முன் பிலிப்பைன்ஸ் தூதரகத்தின் தளத்தை ஒருமுறை பாருங்கள்.

ஈ-டிராவல் என்ற இணையப் பதிவு ஒன்றும் உண்டு. மணிலாவில் இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் அதைச் செய்து, கிடைக்கும் கியூஆர் குறியைச் சேமித்துக்கொள்ள வேண்டும். இது இலவசம். இதற்குக் கட்டணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

படி 3: விமானங்களைக் கோப்பது

சென்னையிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் அல்லது பாங்காக் வழியாக மணிலா. சிங்கப்பூர் வரை சுமார் நான்கு மணி நேரம், அங்கிருந்து மணிலாவுக்கு ஏறத்தாழ அதே அளவு. இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால் சில ஆயிரம் குறையும். ஆனால் நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி பதிய வேண்டியிருக்கும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், சிங்கப்பூர் என்றால் நுழைய விசாவும் வேண்டும். மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும்.

மணிலாவிலிருந்து புசுவாங்கா தீவின் பிரான்சிஸ்கோ பி. ரேயஸ் விமான நிலையத்துக்குச் சிறிய விசிறி விமானம், சுமார் ஒரு மணி நேரம். இங்கேதான் நான் பாடம் கற்றேன். மணிலாவில் இறங்கிய மூன்று மணி நேரத்தில் புசுவாங்கா விமானம் என்று டிக்கெட் போட்டிருந்தேன். குடிநுழைவு வரிசையில் ஒரு மணி நேரம், பெட்டி வர அரை மணி நேரம். அதன் பிறகுதான் உள்நாட்டு விமானம் வேறு டெர்மினலில் என்று தெரிந்தது. டெர்மினல்களுக்கு இடையே சாலையில்தான் போக வேண்டும். மணிலாவின் நெரிசல் முன்னால் நம் வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பு, திருவிழா முடிந்த மறுநாள்போல இருக்கும். விமானம் போய்விட்டது. அன்றிரவு மணிலாவில் அறை, மறுநாள் புது டிக்கெட்.

ஆகவே மணிலாவில் ஓர் இரவு தங்கிவிடுங்கள். மறுநாள் காலை விமானத்தில் புசுவாங்கா, அன்று கோரோன் ஊரில் ஓய்வு, அதற்கடுத்த நாள் காலை ஏரி. திரும்பும்போதும் கோரோனில் ஒரு நாளை வெறும் நாளாக விட்டுவையுங்கள். கடல் சீறி முதல் நாள் படகு நின்றுவிட்டால் அந்த உபரி நாள்தான் உங்கள் ஏரி நாள். மொத்தம் எட்டு நாள் விடுப்பு போதும். இதைவிடக் குறைவாகப் போடுகிறவர்கள் ஏரியைச் சூதாட்டத்தில் வைக்கிறார்கள் என்பேன்.

சின்ன விமானத்தில் பெட்டி எடைக் கட்டுப்பாடு கடுமை. சர்வதேச விமானம் அனுமதித்த எடையைப் பார்த்துப் பெட்டியை நிரப்பினால் மணிலாவில் அபராதம் கட்ட வேண்டியிருக்கும்.

வேலூரிலிருந்து மீனம்பாக்கத்துக்கு எப்படிப் போவது என்பதை உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. காட்பாடியில் ரயில் ஏறுவீர்களோ, பூந்தமல்லியில் பஸ்ஸைவிட்டு இறங்கி வாடகைக் கார் பிடிப்பீர்களோ, உங்கள் விருப்பம்.

படி 4: நீச்சல்

தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. சாமி 1981-இல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாறு அவரளவுக்கு மனம் இரங்கவில்லை. எப்போதாவது பெருமழைக்கு ஓடுகிறது. ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் பலருக்கு நீச்சல் தெரியாததற்கு இதுவும் ஒரு காரணம். கிணறு உள்ள கிராமத்தில் வளர்ந்தவர்கள் தப்பித்தார்கள். இடுப்பில் சுரைக்குடுக்கையோ காலி பிளாஸ்டிக் கேனோ கட்டி மாமன்மார் தள்ளிவிட்டிருப்பார்கள்.

கயாங்கனில் மிதவை ஆடை அணியாமல் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். எனவே நீச்சல் தெரியாதவரும் இறங்கலாம். ஆனால் மிதப்பது வேறு, பயமில்லாமல் மிதப்பது வேறு. மரப்பலகை மேடையைவிட்டு நான்கு அடி நகர்ந்தாலே கீழே பாறை சரிந்து ஆழத்துக்குப் போவது கண்ணாடிபோலத் தெரியும். கலங்கிய கிணற்றில் ஆழம் கண்ணுக்குத் தெரியாது, அதனால் பயமும் இல்லை. இங்கே எல்லாம் தெரிகிறது. முதல்முறை அடிவயிறு கலங்கும். கிணற்றில் மூழ்கி மண்ணெடுத்து வந்த எனக்கே கலங்கியது.

இதற்கு வீட்டிலேயே பயிற்சி உண்டு. முகமூடிக் கண்ணாடியும் மூச்சுக்குழலும் வாங்கிக்கொள்ளுங்கள். அண்டாவில் தண்ணீர் நிரப்பி, முகத்தை அமிழ்த்தி, குழல் வழியாக வாயால் மட்டும் மூச்சுவிட்டுப் பழகுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தினம் பத்து நிமிடமாக ஒரு வாரம் செய்தால் தண்ணீரில் பதற்றம் பாதியாகக் குறையும். பிறகு ஆள் துணையோடு நீச்சல் குளத்தில் மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கல்குவாரிக் குட்டைகளிலும் பாலாற்றில் மணல் அள்ளிய பள்ளங்களிலும் பயிற்சி வேண்டாம். குவாரித் தண்ணீரும் நீலமாகத்தான் தெரியும். கால் வைக்க இடமில்லாமல் செங்குத்தாக இறங்கும்.

மீசைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. முகமூடியின் ரப்பர் விளிம்பு மேலுதட்டில் ஒட்டினால்தான் தண்ணீர் புகாது. அடர்ந்த மீசை அதைக் கெடுக்கும். மழிக்கச் சொல்லவில்லை, மூக்குக்குக் கீழே மெல்லிய கோடாகக் கத்தரித்தாலே போதும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவர் வைத்த முகமூடி கிடைக்கிறது.

படி 5: பையில் வைப்பதும் வைக்கக் கூடாததும்

முதலில் வைக்கக் கூடாதது: தேங்காய் எண்ணெய். தலைக்கு எண்ணெய் வைக்காமல் வெளியே கிளம்புவது நமக்குப் பழக்கமில்லை என்று தெரியும். அசையாத நீரில் ஒரு தலை எண்ணெய் போதும், வானவில் படலம் படர்வதற்கு. ஏரிக்குப் போகும் முந்தைய இரவே தலைக்குக் குளித்துவிடுங்கள். வெயில் தடுப்புக் களிம்பும் இதே வகைதான். ஏரியில் இறங்கும் நாளில் களிம்புக்குப் பதில் முழுக்கைச் சட்டை போடுங்கள்.

அந்தச் சட்டை பருத்தியாக இருக்கக் கூடாது. நனைந்த சுடிதாரும் பருத்தி வேட்டியும் உடம்போடு ஒட்டிக் கனத்துக் கீழே இழுக்கும். துப்பட்டா காலில் சுற்றும். நீச்சலுக்கென்றே முழுக்கை, முழுக்கால் நைலான் உடை கிடைக்கிறது. உடலை மூடியும் இருக்கும், வெயிலும் தாக்காது. பெண்கள் எவ்விதச் சங்கடமும் இல்லாமல் அதில் இறங்கலாம். அங்கே பாதிப்பேர் அப்படித்தான் வருகிறார்கள்.

காலுக்கு ரப்பர் அடி வைத்த தண்ணீர்க் காலணி கட்டாயம். அங்குள்ள சுண்ணாம்புப் பாறை கத்தி விளிம்புபோல இருக்கும். கடலோரத்தில் முள்ளெலிபோல் சிலிர்த்துக்கொண்டு கிடக்கும் கடல் முள்ளிகளும் உண்டு. செருப்போடு போனால் ஏரியில் ஒன்று மிதக்கும், இன்னொன்று மூழ்கும்.

நம் உருண்டை ஊசி பிளக் அங்கே நுழையாது. தட்டையான இரண்டு ஊசி மாற்றி ஒன்று வேண்டும். கொசு விரட்டிக் களிம்பு, கடல் மயக்கத்துக்கான மாத்திரை, கைபேசிக்குத் தண்ணீர் புகாத உறை ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு விழுங்கிப் பயனில்லை. படகு ஏறுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே போட வேண்டும். கோரோன் சிறிய ஊர், பெரிய சிகிச்சைக்கு மணிலாவுக்குத்தான் போக வேண்டும். பயணக் காப்பீடு எடுக்காமல் கிளம்பாதீர்கள்.

சாப்பாடு. மூன்று வேளையும் சோறு கிடைக்கும் நாடு. அதுவே பாதி நிம்மதி. ஆனால் சைவர்களுக்குப் பிழைப்பு கஷ்டம். காய்கறிப் பொரியலிலும், மீனை உப்பிட்டு ஊறவைத்து வடித்த மீன் நீரும் இறால் விழுதும் புகுந்துவிடும். வள்ளைக்கீரையை அங்கே கங்கோங் என்கிறார்கள், அருமையாக வதக்குவார்கள். அதிலும் சிப்பிச் சாறு ஊற்றுவதுண்டு. "வாலாங் கார்னே, வாலாங் இஸ்தா, வாலாங் பாட்டிஸ்" என்று சொல்லிப் பழகுங்கள்: இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், மீன் நீர் இல்லாமல் என்று பொருள். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் மூடி இறுக்கிய டப்பாவில் இருந்தால், பூண்டு போட்டு வதக்கிய அவர்களுடைய காலைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் படகேறலாம். ஆம்பூர், மேல்விசாரம், பேரணாம்பட்டுப் பக்கத்து முஸ்லிம் நண்பர்கள் கவனிக்க வேண்டியது வேறு. படகுச் சுற்றுலாவில் மதிய உணவு கடற்கரையிலேயே சுட்டுப் போடுவார்கள். பன்றி இறைச்சியும் மீனும் ஒரே கம்பியில் வேகும். முந்தைய நாளே சொன்னால் மீனைத் தனியாகச் சுட்டுத் தருவார்கள்.

படி 6: பணம்

ஒரு பேசோ ஏறத்தாழ ஒன்றரை ரூபாய். ரூபாய் நோட்டு அங்கே செல்லாது. டாலராகக் கொண்டுபோய் மணிலாவில் மாற்றிக்கொள்வது எளிது. உங்கள் ஏடிஎம் அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நீங்களே திறந்துவிட வேண்டும். கோரோனில் ஏடிஎம்கள் சில உண்டு, ஆனால் அவற்றை நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். நுழைவுக் கட்டணம், படகுக்காரருக்கு அன்பளிப்பு எல்லாமே ரொக்கம்தான். மொத்தச் செலவில் பெரும்பகுதி விமான டிக்கெட்டுக்கே போய்விடும். தங்கலும் சாப்பாடும் ஏலகிரி விடுமுறைச் செலவைவிட அதிகம் ஆகாது.

படி 7: கோரோன் ஊரில் முதல் நாள்

பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கோரோன் ஊர் இருப்பது புசுவாங்கா தீவில். கோரோன் தீவு, எதிரே கடலில் கரும்பாறைச் சுவராகத் தெரியும் வேறொரு தீவு. நீங்கள் தங்குவது ஊரில், போகப்போவது தீவுக்கு. விமான நிலையத்திலிருந்து ஊருக்கு வேன்கள் உண்டு, அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும்.

பகலிலேயே படகைப் பேசி முடித்துவிடுங்கள். இரண்டு வகை உண்டு. பலரோடு சேர்ந்து போகும் கூட்டுச் சுற்றுலா மலிவு. ஆனால் அவர்கள் சொல்லும் நேரத்துக்குத்தான் போக முடியும், அந்த நேரம் எல்லாருடைய நேரமும். தனிப்படகு விலை கூடுதல். நான்கைந்து பேராகச் சேர்ந்தால் பங்கிட்டுக்கொள்ளலாம். என் பேச்சைக் கேட்டால், அறையில் மிச்சம் பிடியுங்கள், படகில் செலவழியுங்கள். பேசும்போது கேட்க வேண்டியவை: ஏரியை முதல் இடமாக வைப்பீர்களா? எத்தனை மணிக்குக் கரையைவிட்டுக் கிளம்புவோம்? நுழைவுக் கட்டணமும் ஊரின் சுற்றுச்சூழல் கட்டணமும் இந்தத் தொகையில் சேர்த்தியா? ஏரியில் எவ்வளவு நேரம்? கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைவாகச் சொன்னால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

பேச்சுக்கு ஆங்கிலம் போதும். ஆனாலும் படகுக்காரரை "குயா" என்று கூப்பிட்டுப் பாருங்கள். நம் அண்ணன் என்ற அழைப்புக்கு நேர். கடைக்காரப் பெண்மணி "ஆத்தே", அதாவது அக்கா. மரியாதைக்கு வாக்கியக் கடைசியில் "போ" சேர்ப்பார்கள். நாம் "ங்க" சேர்ப்பதில்லையா, அதேதான். "சலாமாத் போ" என்றால் நன்றிங்க. யாரும் உங்களைப் போகச் சொல்லவில்லை. மாம்பழத்துக்கு அங்கே "மங்கா" என்றே பெயர். மலாய் மொழி வழியாகக் கடல் கடந்து போன நம் மாங்காய்தான் அது.

மாலையில் தாப்யாஸ் குன்றின் எழுநூற்றுச் சொச்சம் படிகளில் ஏறலாம், ஏறாமலும் இருக்கலாம். ஒன்பது மணிக்குப் படுத்துவிடுங்கள். நம் கடிகாரத்தைவிட அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை ஐந்தரைக்கு எழுவது என்றால் உங்கள் உடம்புக்கு அது நள்ளிரவு மூன்று மணி.

படி 8: இது யாருடைய ஏரி என்று தெரிந்துகொள்வது

இதை ஒரு தனிப் படியாகவே வைக்கிறேன். கோரோன் தீவு தக்பன்வா பழங்குடியினரின் மரபு நிலம். மீனும் கடலட்டையும் பிடிப்பதும், செங்குத்துப் பாறைகளில் ஏறி உழவாரக் குருவியின் உண்ணத்தக்க கூடுகளை எடுப்பதும் அவர்களின் பழைய தொழில். வெளியார் நிலத்திலும் கடலிலும் கை வைக்க ஆரம்பித்தபோது அவர்கள் ஆவணங்களோடு போராடினார்கள். பிலிப்பைன்ஸில் பழங்குடியினர் உரிமைச் சட்டம் 1997-இல் வந்தது. 1998-இல் இவர்களுடைய தீவும் அதைச் சுற்றிய கடலுமாக 22,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு மரபு உரிமைப் பகுதியாக ஏற்கப்பட்டது. நிலத்தோடு கடலையும் சேர்த்து வாங்கியதுதான் அவர்களின் சாமர்த்தியம்.

தீவில் ஏரிகள் பல. வெளியாருக்குத் திறந்திருப்பவை கயாங்கனும் பாரகுடாவும் மட்டுமே. மற்றவை அவர்களுக்குப் புனிதமானவை. அங்கே ஆவிகள் உறைவதாகவும், பேருருவான ஆக்டோபஸ் ஒன்று நீரைக் காப்பதாகவும் நம்புகிறார்கள். நம் ஏரிக்கரையில் கன்னிமார் கற்களைக் கண்டால் செருப்பைக் கழற்றுகிறோமே, அந்த உணர்வோடு அணுகினால் போதும். கூடுதல் காசு தருகிறேன், இன்னொரு ஏரியைக் காட்டுங்கள் என்று படகுக்காரரிடம் பேரம் பேசாதீர்கள். நுழைவாயிலில் நீங்கள் கட்டும் கட்டணம் அவர்கள் சமூகத்துக்குப் போகிறது. அதில் ஐம்பது பேசோ குறைக்கச் சொல்லி நிற்பதும் அழகல்ல.

படி 9: அந்தக் காலை

ஏழு மணிக்கு முன்பே துறைக்குப் போய்விடுங்கள். படகுக்குப் பெயர் பங்கா. ஒல்லியான உடல், இருபுறமும் சிலந்திக் கால்போல் நீட்டிய மூங்கில் தாங்கிகள். மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம் கட்டுமரத்தைப் பார்த்த கண்ணுக்கு இது வேறு கணக்கு என்பது புரியும்: அகலத்தை உடலில் வைக்காமல் கைகளில் வைத்திருக்கிறார்கள். ஏறும்போது தாங்கியின் மேல் கால் வைக்காதீர்கள், பலகையில் வையுங்கள்.

அரை மணி நேரத்துக்குள் பாறைச் சுவர் கிட்டத்தில் வந்துவிடும். நேரே மோதப் போகிறோம் என்று தோன்றும்போது ஓர் இடைவெளி திறக்கும். உள்ளே அந்தக் கடற்கழி. கட்டணச் சீட்டைக் காட்டிவிட்டுப் படியேறுங்கள். ஏறவும் இறங்கவுமாகச் சுமார் முந்நூறு படிகள். சோளிங்கர் நரசிம்மரை 1305 படி ஏறித் தரிசித்தவர்களுக்கு இது ஒரு பொருட்டல்ல (இப்போது அங்கே ரோப் கார் வந்துவிட்டது, அதனால் இளைய தலைமுறைக்கு மூச்சு வாங்கலாம்). படிகள் ஒழுங்கற்றவை, ஈரத்தில் வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் இறக்கத்தில்தான் சிரமப்படுவார்கள்.

மேட்டின் உச்சியில் ஒரு சிறு குகை, அதன் அருகே அந்தப் புகழ்பெற்ற காட்சிமுனை. நிற்காமல் கடந்து போங்கள். திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம், அப்போது வெயிலும் ஏறியிருக்கும், நீரின் நிறமும் பளிச்சென்று இருக்கும். மறுபுறம் இறங்குங்கள்.

முதல் பார்வையில் ஏரி பெரிதாகத் தெரியாது. சுற்றிலும் பாறைகள், அவற்றைப் பற்றிக்கொண்டு வளர்ந்த மரங்கள், ஓரமாக ஒரு பலகை மேடை. மேடையின் விளிம்புக்குப் போய்க் குனிந்தால்தான் விஷயம் புரியும். தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. பாறைகள் காற்றில் தொங்குவதுபோல் கீழே கீழே போய்க்கொண்டிருக்கின்றன, போகப்போக நீலம் கறுக்கிறது.

இந்தத் தெளிவுக்குக் காரணம் உண்டு. இங்கே ஆறு எதுவும் வந்து கலப்பதில்லை. சேறும் வண்டலும் வர வழியில்லை. மழைநீர் சுண்ணாம்புப் பாறையின் வழியாக வடிந்து வருகிறது. அடியில் பாறை இடுக்குகளின் வழியே கடல்நீர் ஊடுருவுகிறது. அதனால் மேலே நல்ல தண்ணீர், கீழே போகப்போக உப்பு; நாக்கில் பட்டால் லேசாகக் கரிக்கும். நீல நிறம் தண்ணீரின் சொந்த நிறம்தான்: சூரிய ஒளியின் சிவப்பை ஆழமான நீர் உறிஞ்சிவிடுகிறது, மிச்சமிருக்கும் நீலம் வெளிறிய பாறையில் பட்டு நம் கண்ணுக்குத் திரும்புகிறது. நம் ஏரிகளில் வண்டலும் பாசியும் முந்திக்கொள்வதால் அந்த நிறம் தலைகாட்டுவதே இல்லை.

குதிக்காதீர்கள். ஏணியில் மெல்ல இறங்கி, மிதவை ஆடையின் பட்டையை இறுக்கி, முகத்தைக் கவிழ்த்து, அசையாமல் இருங்கள். அண்டாவில் கற்ற மூச்சு இப்போது உதவும். ஐந்து நிமிடத்தில், ஊசிபோல் நீண்ட மூக்குடைய சிறு மீன்கள் மேற்பரப்பை ஒட்டி வரும். பாறை ஓரமாகவே நீந்திப் போனால் உட்குழிந்த இடங்கள், நிழல், கீழிருந்து மேலே பார்க்கும் வெளிச்சம் என்று காட்சி மாறிக்கொண்டே இருக்கும். கைபேசி எடுப்பதை முதல் அரை மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதைத் தாண்டியதும் மேட்டிலிருந்து குரல்கள் இறங்கி வரும். அப்போது கரையேறி, அவர்களுக்கு இடம்விட்டு, உச்சியில் படத்தை எடுத்துக்கொண்டு படகுக்குத் திரும்பலாம்.

படி 10: மிச்சப் பகல்

பாரகுடா ஏரியில் ஆழத்தில் மூழ்குகிறவர்களுக்கு ஒரு விந்தை காத்திருக்கிறது: மேலே சாதாரணச் சூடு, பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குக் கீழே போனால் உடம்பின் வெப்பத்தையும் தாண்டிய வெந்நீர். முக்குளிப்புப் பயிற்சி இல்லாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். ட்வின் லகூன் எனப்படும் இரட்டைக் கடற்கழியில் நீர் வற்றும் நேரத்தில் பாறைக்கு அடியில் உள்ள துளை வழியே நீந்தி மறுபக்கம் போகலாம். நீர் ஏறியிருந்தால் ஏணி. கோரோன் விரிகுடாவின் அடியில் 1944 செப்டம்பர் 24 அன்று அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்த ஜப்பானியக் கப்பல்கள் கிடக்கின்றன. முக்குளிப்போர் அவற்றுக்காகவே வருகிறார்கள். மாலையில் மக்கினிட் வெந்நீர் ஊற்றில் கால் நனைத்தால் படியேறிய வலி போகும். இது உப்புநீர் ஊற்று, கண்ணைத் தேய்க்காதீர்கள்.

கல், கிளிஞ்சல், பவளத்துண்டு எதையும் பையில் போடாதீர்கள். விமான நிலையத்தில் பிடிபட்டால் சங்கடம். வாங்க வேண்டியது ஒன்று உண்டு. ஊர்ச் சந்தையில் பூண்டும் மிளகாயும் போட்டு எண்ணெயில் வறுத்த கடலையைச் சிறு பொட்டலங்களாக விற்கிறார்கள். அதற்குப் பெயர் அடோபோங் மானி. மானி என்றால் வேர்க்கடலை. நான் நான்கு பொட்டலம் வாங்கி வந்து ஆரணிக்குக் கொண்டுபோனேன். பெரியம்மா ஒன்றை வாயில் போட்டு மென்றார். "கொட்டை சின்னது, பூண்டு நல்ல பூண்டு" என்றார். பிறகு மூன்று பொட்டலத்தையும் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்.